பொறுமையான மேக்பை

மார்ச் 14, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் போர்டுகளைப் புதிதாகச் செய்கிற பையன் மிலானின் போர்டு வந்துவிட்டது. பெண்டிகோவிலிருந்து பத்திரமாகச் சுற்றி அனுப்பியிருக்கிறான். பச்சை நிறம், ஓரத்தில் அதே மேக்பை பறவை, வாலைத் தூக்கிக்கொண்டு. எண்பத்துமூன்றில் நாங்கள் வாங்கிய, வீட்டிலேயே கட்டுகிற மேக்பை கம்ப்யூட்டர் கிட்டில் இருந்ததை அப்படியே வரைந்து அச்சடித்திருக்கிறான். 

நோரீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். மழை வருகிற மாதிரியே இல்லை.

மார்ச் 16, வியாழன்

ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டேன். முதல் நாளே.

மார்ச் 19, ஞாயிறு

எதற்காக இதைக் கட்டுகிறேன் என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் கோபம் வரும்போது படிக்க.

கல்யாணமான முதல் வருஷம், மேஃபீல்டில் வாடகை வீட்டுச் சமையல் மேஜையில் நோரீன்தான் மேக்பையைக் கட்டினாள். நான் பஸ் டிப்போ மெக்கானிக். என் கைக்கு ஸ்பேனர் சரி, சிப்புகளின் அந்தச் சின்னச் சின்னக் கால்கள் சரிப்படாது. கட்டும் முறை அச்சான பத்திரிகையைப் பார்த்து நான் வரிவரியாக வாசிப்பேன். அவள் ஈயம் வைப்பாள். ஒவ்வொரு ஈயப் பொட்டும் பளபளவென்று ஒரே அளவில் இருக்கும். எண்பத்தொன்பது பூகம்பத்தில் புகைபோக்கி சரிந்து அலமாரியோடு அந்த மெஷினும் போனது. அவள் செங்கல்லை எல்லாம் புரட்டி அதைத்தான் முதலில் தேடினாள், கல்யாண போட்டோவை அல்ல.

இப்போது அவள் வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன வருஷம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் கிளப்பில் யாருடைய போர்டையோ சரிசெய்ய உட்கார்ந்தாள், கை ஆடியது, கிளப் தோழி ஹெதர் அன்பாகத்தான் அவள் கையிலிருந்து சால்டரிங் அயர்னை வாங்கிக்கொண்டாள். "விடும்மா, நாங்க பாத்துக்கிறோம்." நோரீன் சிரித்துக்கொண்டே எழுந்தாள். அதற்கப்புறம் கிளப் பக்கம் தலைகாட்டவில்லை. கிளப் கூடுகிற மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

அவளைத் திரும்ப அங்கே உட்காரவைக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மேக்பை மேஜைமேல் இருந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது என்று நினைத்தேன். முடிகிறதே.

அதே நாள், மாலை

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்று வைத்த பொட்டுகளைப் பெருமையாகக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"இது ஈயப் பொட்டா, கடல்புறா எச்சமா?"

திட்டினாலும் பரவாயில்லை, பார்த்தாளே.

ஏப்ரல் 1, சனி

கிளப். நோரீனுக்குத் தலைவலி.

டப்பா இந்தத் தடவை என்னிடம் வந்திருக்கிறது. மேக்பை கட்டுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் — ஒரு பிஸ்கட் டப்பா ஊர் ஊராகப் போகும். கட்டி முடித்தவர் மிச்சமான சிப்புகளையும் எண் காட்டும் சிவப்பு விளக்குகளையும் அதில் போட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கூடவே தன் பங்காக ஒன்று. எனக்கு முன்னால் கட்டி முடித்த ஹோபார்ட்காரர் ஆப்பிள் வற்றல் வைத்திருந்தார். எனக்கு வேண்டிய, கடையில் கிடைக்காத பழைய சிப்பும் இருந்தது. முகம் தெரியாத மனுஷன். நல்லா இருக்கட்டும்.

ஹெதர் என் போர்டைத் திருப்பிப் பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஒயரோடு குடித்தனம் நடத்தியவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"யோவ் கிளைவ், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வேலை செய்யா. அழகுக்கு யாரும் இங்க மார்க் போடல."

"போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்."

"அப்போ கண்ணாடியை மாத்து."

போகும்போது மெதுவாகக் கேட்டாள்: "நோரீன் ஏன் வர்றதில்ல? நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?" தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை.

ஏப்ரல் 23, ஞாயிறு

கடைசிச் சிப்பும் உட்கார்ந்துவிட்டது. இன்று செய்த வேலைதான் எனக்கு முக்கியம்.

அந்தக் காலத்து மேக்பையில் ஒரு கோளாறு இருந்தது. கீபோர்டுச் சாவியைத் தட்டினால் எண்கள் தாறுமாறாக ஓடும். நாடு முழுக்க எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நோரீன்தான் கண்டுபிடித்தாள், போர்டில் செப்புத் தடம் ஒன்று சிப்பின் தப்பான காலுக்குப் போகிறது என்று. பத்திரிகைக்குப் போன் போட்டாள். அடுத்த மாதம் அச்சில் வந்தது: இந்த இடத்தில் தடத்தை வெட்டுங்கள், இங்கிருந்து அங்கே ஒரு ஒயர் போடுங்கள் என்று. அவள் பெயரைப் போடவில்லை. 'வாசகர் ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். அவள் ஒருநாளும் அதைப் பற்றிக் குறைபட்டதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. நாலு வருஷம் முன்பு கிளப் மெயிலில் கூட அதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன்.

நோரீனின் திருத்தம் இல்லாமல் ஒரு மேக்பையா? பிளேடால் அதே இடத்தில் வெட்டினேன். சிவப்பு ஒயரைப் போட்டேன். நான் வைத்ததிலேயே அந்த இரண்டு பொட்டுதான் அழகு.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஆன்சாக் நாள், போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அணிவகுப்புக்குப் போய்விட்டு வந்து மின்சாரம் கொடுத்தேன். எண்கள் பைத்தியம் பிடித்து ஓடுகின்றன. எழுதவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

மிலானோடு போனில் ஒரு மணி நேரம். பொறுமைசாலி. "எல்லாப் பொட்டையும் இன்னொரு தடவை சூடு பண்ணுங்கண்ணே. சிப்பு கால் ஏதாவது மடங்கியிருக்கா பாருங்க." பார்த்தேன். பண்ணினேன். சிப்பை மாற்றிப் போட்டேன். ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. அவன் போர்டில் குறை இருக்குமோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

மே 6, சனி

கிளப்புக்கு நானும் போகவில்லை. என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

மே 10, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் மெஷினைப் பார்த்து நான் பேசிய பேச்சு துறைமுகத்திலும் கேட்டிருக்கும். நோரீன் டீ கோப்பையைக் கழுவப் போட்டுவிட்டு வந்தாள். "தள்ளு." தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கையை மடியில் வைத்துத் தொடையால் அமுக்கிக்கொண்டாள். 

"இந்த ஒயர் என்ன?"

"உன் திருத்தம்."

"தடத்தை வெட்டினியா?"

"பின்ன? பத்திரிகையில போட்டபடியே. அதே இடம்."

பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கிளைவ், அந்தப் பையன் திருத்தத்தைப் போர்டுலயே போட்டு வரைஞ்சுட்டான். தடம் சரியான காலுக்குத்தான் போச்சு. அதை வெட்டி, ஒயர் போட்டுப் பழையபடி தப்பான காலுக்கு அனுப்பி வச்சிருக்க. ஊர்ல எவனுக்கும் வராத கோளாறை மெனக்கெட்டுப் பண்ணியிருக்கியே."

"எனக்கெப்படித் தெரியும்?"

"இங்க எழுதியிருக்கே." கண்ணாடியை என் பக்கம் நீட்டினாள். தடத்தை ஒட்டி, எறும்பு எழுத்தில், வெள்ளையாக — 'நோரீன், 1983'. நான் வெட்டிய வெட்டு அவள் பெயருக்கு நடுவில் போயிருந்தது.

அதைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது அவளுக்கு. பெயரை விரலால் தடவினாள். "யார் சொன்னா மிலான்கிட்ட?" நான் எழுதிய அந்த மெயிலைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாற்பது வருஷத்தில் அப்படி நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள்.

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஒயரை எடுத்தேன். வெட்டின இடத்தைச் சுரண்டி, மேலே துளி செப்புக் கம்பி வைத்து மூடினேன். "முதல்ல அயர்னை வை. சூடாகட்டும். இப்ப ஈயம். போதும், எடு, எடுன்னேன்ல." என் மணிக்கட்டின்மேல் அவள் கை இருந்தது. அது ஆடியது, என் கையும் சேர்ந்து ஆடியது. பொட்டு கோணலாகத்தான் வந்தது.

மின்சாரம் கொடுத்தோம். ஆறு சிவப்புப் பூஜ்யங்கள். அசையாமல்.

நான்தான் அழுதேன். எழுதுவதற்கென்ன வெட்கம்.

மே 14, ஞாயிறு

மூன்று நாள் சந்தோஷம் போதும் என்று மேலே இருக்கிறவன் நினைத்தானோ என்னவோ.

இன்று அவளே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் எழுதின பாட்டு வாசிக்கிற ப்ரோகிராம் இன்னும் மனப்பாடம் அவளுக்கு. 3 என்று தட்டினாள். 33 என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி. 333. விரல் ஒரு தடவை இறங்கும்போதே இரண்டு மூன்று தடவை ஆடிவிடுகிறது. இடது கையால் முயற்சி பண்ணினாள், கோபத்தில் அதுவும் தப்பியது.

எழுந்துவிட்டாள். "பாத்தியா. இதுக்கும் தெரிஞ்சுபோச்சு."

கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை நானே திட்டிக்கொண்டேன். ஏன்டா இதைக் கட்டின? அவ பாட்டுக்குத் தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிம்மதியா இருந்தா. கொண்டுவந்து மேஜைமேல வச்சு, உன் கை போச்சுன்னு அவளுக்கே காட்டிக் குடுத்தேன். போர்டைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

மே 15, திங்கள்

ஹெதருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அயர்ன் விஷயத்தையும் மறைக்கவில்லை.  

அவள் சொன்னாள்: "சாவி உள்ள ஒரு தகடு இருக்குல்ல, நல்ல விரல் தட்டினாலே அது நாலு தடவை துள்ளும்யா. அதுக்குத்தான் மெஷின் முதல் தட்டு பட்டதும் இத்துனூண்டு நேரம் பொறுத்துட்டு அப்புறம் பாக்குது. பொறுக்குற நேரத்தைக் கூட்டிட்டா, கை ஆடுறதும் அதுக்குத் தெரியாது."

"நீ பண்ணிக் குடுப்பியா?"

"மாட்டேன். ஒரு தடவை அவ கையிலேர்ந்து வாங்கினதே போதும். சனிக்கிழமை வர்றேன். நீ வாயைத் திறக்காம இரு."

மே 20, சனி

ஹெதர் வந்தாள். தேங்காய்த் தூள் தூவிய ஒரு தட்டு லாமிங்டன் கேக், சிப்பில் ப்ரோகிராம் எழுதுகிற கருவி. நோரீன் என்னை முறைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஹெதர் கேக்கைக் கூட எடுக்கவில்லை. "நோரீன், ஒரு உதவி கேக்க வந்தேன். என் மேக்பைல ஒரு தட்டு தட்டினா ரெண்டா விழுது. ப்ரோகிராமை மாத்தணும். எனக்கு அந்த வயசுலயே அது புரியாது, இப்ப எங்க புரியப்போகுது?"

"உன் சாவி தேஞ்சிருக்கும். மாத்து."

"சாவி புதுசு." கோப்பையை எடுத்தாள். சாசருக்கு மேலேயே அது கடகடவென்று ஆடியது. டீ சிந்தியது. இத்தனை வருஷமாக இவள் கிளப்பில் ஏன் டீ குடிப்பதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. டாக்டர் உன் வியாதி இல்லேங்கிறார். வேற பேர் சொல்றார். ஆடுறது என்னவோ ஒரே மாதிரிதான்."

"எத்தன நாளா?"

"அன்னைக்கு உன் கையிலேர்ந்து அயர்னை வாங்கினேன்ல, நான் அதை வச்சு ஒரு பொட்டாவது வச்சேனா? பக்கத்துல இருந்த ட்ரெவர்கிட்ட குடுத்துட்டேன். நீ பாக்கல, எழுந்து போயிட்ட. உன் கையைப் பாத்ததும் எனக்குப் பயமாயிடுச்சு, நோரீன். அதான் வாங்கினேன். மன்னிச்சுக்க."

நோரீன் துணி எடுத்து வந்தாள். சிந்தின டீயைத் துடைத்தாள். "மடச்சி" என்றாள். "கிளைவ், பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது. உன் தலையெழுத்து, கொஞ்சம் புரியற மாதிரி எழுது."

இரண்டு பேரும் லாமிங்டன் முழுவதையும் தீர்த்துவிட்டார்கள். எனக்குத் தேங்காய்த் தூள்தான்.

மே 28, ஞாயிறு

ஒரு வாரமாக மெஷினோடு மல்லுக்கட்டினாள். நேரத்தைக் கூட்டினால் மெஷின் தூங்கிவிடுகிறது, குறைத்தால் இரட்டிக்கிறது. இன்று சரியான எண் கிடைத்துவிட்டது. 3 தட்டினாள். ஒரே ஒரு 3. நிதானமாகத் தட்டவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டு முழுவதையும் ஏற்றினாள். அந்தக் கீச்சுக் குரல். வாடகை வீட்டில் இதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவாரே, அதே குரல்.

மூன்று சிப்பில் எழுதினாள். ஒன்று எங்களுக்கு, ஒன்று ஹெதருக்கு. மூன்றாவதை டப்பாவில் போட்டாள், எங்கள் பங்காக. நான் வாங்கி வைத்திருந்த ஆன்சாக் பிஸ்கட்டை வெளியே எடுத்துவிட்டாள்.

"கட்டுறவங்க எல்லாம் நம்ம வயசுதான், கிளைவ். யாருக்குக் கை நிக்குது?"

ஜூன் 3, சனி

கிளப் நாள். எனக்கு நேற்றிலிருந்து சளி, காய்ச்சல். போகவேண்டாம், அடுத்த மாதம் சேர்ந்தே போகலாம் என்று நான்தான் சொன்னேன். நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தானே சளி?"

போர்டைத் துண்டில் சுற்றி, டப்பாவோடு பையில் வைத்து, பஸ்ஸில் போய்விட்டாள். வாசல் வரை போய்ப் பார்த்தேன். பை ஆடிக்கொண்டுதான் போனது. ஒருதரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் தூங்கினேன். எழுந்து உருளைக்கிழங்கு உரித்து, இரண்டு ஆட்டுக்கறி சாப்ஸை வெளியே எடுத்து வைத்தேன். ஜூன் இங்கே குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடுகிறது. வருகிற நேரம் தாண்டிவிட்டது. கோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது நோரீனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம், ஹெதர் யாரையோ திட்டுவது கேட்டது.

"நீ சாப்பிட்டுடு, கிளைவ். ட்ரெவர் போர்டு ஒண்ணு படுத்துது. நாங்க இன்னும் முடிக்கல."

நாங்க என்றாள்.

சாப்ஸ் இரண்டையும் நானே சாப்பிட்டேன்.