சொல்லக் கூடாத பதில்

வெள்ளி, இரவு

பல நாடுகளில் தேர்தல் வேட்பாளர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கும் ஆய்வு இது. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் கேட்பது என் வேலை. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். என்னைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

இன்று சுயேச்சையாக நின்று தோற்ற சரோஜா அக்காவின் முறை. சிம்பாங் பூலாயில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. நான் ஒருத்திதான் போனேன். நாலு பேருக்குப் பலகாரம் வைத்திருந்தார். தோற்ற பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லையாம்.

"வாக்காளர்கள் உங்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்?" என்று வாசித்தேன்.

அக்கா என் விரலைப் பார்த்தார். ஓட்டுப் போட்ட மை நகத்தில் இன்னும் போகவில்லை.

"நீயும் இந்தத் தொகுதிதானே? எனக்கு ஓட்டுப் போட்டியாம்மா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுக்கா."

"சரி, விடு லா. புரியுது. அடுத்தது கேளு."

அவருக்குப் புரிந்தது தப்பு. திரும்பப் போய்ச் சொல்லவும் ஆய்வு விதியில் இடமில்லை. விதி எழுதிய ஆள் எந்த நாட்டிலோ நிம்மதியாகத் தூங்குவார்.

அக்காவுக்குத்தான் போட்டேன். அதைச் சொல்ல இந்த வாடகை அறையிலும் ஆள் இல்லை.