ஆட்சேபணை இல்லை

விளாங்குடி,
8.7.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டது. என்னைச் சேர்ந்து வாழச் சொல்லி அவர் கோயம்புத்தூரில் போட்ட வழக்கை மதுரைக் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனிக் கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டாம்.

அவர் எதிர்க்கவே இல்லையாம். "ஆட்சேபணை இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரும்மா, தங்கமான மனுசன்" என்று வக்கீல் சிரித்தார். என்னை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போனவர், நான் கேட்டதை எப்போது கொடுத்திருக்கிறார்?

நான் விளாங்குடியில் ஒளிந்திருப்பது அதுவரை உனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாற்றல் மனுவில் இருப்பிடத்தைச் சரியாக எழுத வேண்டும் என்றார்கள். கதவு எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகல் ஒன்று அவருக்கும் போயிருக்கிறது.

நேற்று எதிர்வீட்டு மாடியில் யாரோ சாமான் இறக்கினார்கள். இன்று குழாயடியில் அந்த வீட்டுக்காரம்மா ரெங்கம்மாள், "கோயம்புத்தூர்க்காரராம். இங்க கோர்ட்டுல கேசு இருக்காம். வந்து போறதுக்குத் தோதா இருக்கும்னு பிடிச்சிருக்காராம்" என்றார்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீயும் அத்தானும் உடனே வாருங்கள்.

இதை எப்படிப் போடுவேன் என்று தெரியவில்லை அக்கா. தெருவில் இருக்கும் ஒரே தபால்பெட்டி அவருடைய மாடிப்படிக்குக் கீழேதான் தொங்குகிறது.

உன் தங்கை