'சரி' என்று அழுத்திய பிறகு

மச்சான்,

இன்று காலை ஓட்டமாவடிக் கடைக்கு ஒருவர் பழைய பில் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். கணினியோடு பேச மாட்டேன் என்கிறதாம். வயரைச் செருகி, நான் எழுதி வைத்திருக்கும் சின்னப் புரோகிராமை ஓடவிட்டேன். அந்தச் சாம்பல் நிற ஜன்னல் வந்து நின்றது. தகவல் போகும் வேகம் எவ்வளவு என்று கேட்கும் ஒரு கட்டம், கீழே 'சரி', பக்கத்தில் 'ரத்து'. என் விரல் மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. "என்ன நானா, சுகமில்லையா?" என்று அண்ணனைக் கேட்பதுபோல் கேட்டார் வந்தவர். மழை இருட்டில் கண் தெரியவில்லை என்று சமாளித்தேன்.

உனக்கு அந்த ஜன்னலை முதல் நாளிலிருந்தே பிடிக்காது. நீ வலை போடும் பனிச்சங்கேணி வாவிக்கு மேலே, பாலத்தடியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் பெட்டியை நீ செய்தாய். அது வயர்லெஸ்ஸில் அனுப்பும் அளவைக் கடைக் கணினியில் காட்டும் புரோகிராமை நான் எழுதினேன். கருவிக்கான ஜன்னலை நான் வரையத் தேவையில்லை என்று பெருமையாகக் காட்டினேன். இயங்குதளத்தில் அதற்கென்றே ஃபங்ஷன் என்று ஓர் ஆயத்தக் கட்டளை உண்டு. கூப்பிட்டால் போதும், கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் தன் ஜன்னலைத் தானே கொண்டுவந்து திறக்கும்.

நீ குனிந்து பார்த்தாய். "நீ எழுதாத ஜன்னல் உன்ட புரோகிராமுக்குள்ள என்னத்துக்கு மச்சான் வருது?" என்றாய். பிறகு, "சரியெண்டு அமத்தினாப் போதாது. என்ன வேகத்தில ஓடுதெண்டு வயர் செருகிற போர்ட்டிட்டத் திருப்பிக் கேளு." நீ சோற்றில் உப்பு இருக்கிறதா என்று கூட இரண்டு தரம் கேட்கிற ஆள் என்று நக்கலடித்தேன். நீயும் சிரித்தாய்.

போன மாரியில், மழை தொடங்கிய வாரம், பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினாய். புதியதன் வேகம் வேறு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இல்லாவிட்டால் வருவதெல்லாம் குப்பை. நான் கடையில் ஜன்னலைத் திறந்து, புது வேகத்தைத் தெரிவு செய்து, 'சரி'யை அழுத்தினேன். ஜன்னல் மூடிக்கொண்டது. நீ பாலத்தடியிலிருந்து போன் எடுத்து, "வருதா?" என்றாய். திரையில் அளவு நின்றது. வருகிறது என்றேன்.

வரவில்லை. அந்த ஃபங்ஷன் நாம் தெரிவு செய்ததை வாங்கி நம் கையில் தருவதோடு நின்றுவிடும். அதைப் போர்ட்டில் கொண்டுபோய்ப் போட இன்னொரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நான் எழுதவே இல்லை. அதற்கு முன்னர் வேகத்தை மாற்றும் தேவை வராததால் அது எனக்குத் தெரியவுமில்லை. இன்னொன்றும் செய்திருந்தேன். குப்பை வந்தால் திரை அலங்கோலமாகும் என்று, நல்ல அளவு வரும்வரை பழைய அளவையே காட்டும்படி வைத்திருந்தேன். அழகுக்காகச் செய்த வேலை அது.

மறுநாள் காலை மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. நீ அழைத்தாய். "வலை உள்ளுக்குக் கிடக்கு மச்சான். எடுத்துட்டு வரலாமெண்டு பாக்கிறன். மேல தண்ணி என்ன மாதிரி?"

திரையைப் பார்த்தேன். "நேத்து இருந்த அளவுதான். ஒரு விரல் கூடல்ல."

"அப்ப போயிட்டு வாறன்."

அந்த நேரம் பாலத்தடியில் தண்ணீர் பாதித் தூணுக்கு ஏறியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். மத்தியானம் உன் தோணி கவிழ்ந்து, கரைச் சேற்றில் மண்டிய கண்ணாப் பற்றைக்குள் செருகிக் கிடந்தது. உன்னை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். என் திரையில் அப்போதும் அதே அளவு அசையாமல் நின்றது.

நீ போய் மூன்றாம் நாள், கடையை உட்பக்கம் பூட்டிக்கொண்டு அந்த வரியை எழுதினேன். ஒரே ஒரு வரி. யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவுமில்லை; பழி மழைமேல் போயிற்று. இப்போது விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பாலத்தடிக்குப் போய், தூணைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறேன். "நானாட கடையில கேட்டாப் பிழை வராது" என்று தோணிக்காரர்கள் சொல்கிறார்கள். இந்த மாரியும் தொடங்கிவிட்டது. இன்று காலையிலேயே மூன்று பேர் அழைத்துவிட்டார்கள்.

நேற்று உன் மனைவி வந்தார், வருஷத் திவசத்துக்குச் சொல்ல. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நானா, புள்ள தகப்பனோட கோவமாவே இரிக்காள். மழைக்குள்ள ஆரையும் கேக்காமப் போய்ச் செத்தாரெண்டு நினைக்காள். உங்களிட்டக் கேட்டுட்டுத்தான் போனவரெண்டு வந்து ஒருக்காச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாள்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.

நாளை மறுநாள் திவசம். உன் கோபம் வந்து சேராது என்ற தைரியத்தில் உன்னிடம் முதலில் சொல்லிவிட்டேன், கோழை வேலைதான். நீ கேட்டாய் என்ற பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடலாம், பிள்ளைக்கு அதுவே போதும் என்று நேற்றெல்லாம் கணக்குப் போட்டேன். பயமாக இருக்கிறது. ஆனால் என்னால் அது முடியாது மச்சான். அவள் என் முகத்தைப் பார்த்து, "அப்பா கேட்டவரா?" என்பாள். ஓம் மகள், கேட்டவர், நான்தான் பிழையாச் சொன்னன் என்று முழுவதையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவளுக்கு உன்மேல் கோபம் இருக்காது.