குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை

பிப்ரவரி 3

அன்புள்ள இரண்டாம் கடன்தாரருக்கு,

இப்படி அழைப்பது என் கற்பனை அல்ல. வங்கி அனுப்பியிருக்கும் தாளில் நான் முதல் கடன்தாரர், நீ இரண்டாம் கடன்தாரர். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு நம் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி வந்தது இதில்தான். கசங்காமல் வைத்திருக்கிறேன்.

நலமா? விடுதிப் பெண்கள் சொன்ன பேச்சு கேட்கிறார்களா? நீ போனை எடுப்பதில்லை. குறை சொல்லவில்லை. எடுக்காததற்கு ஏதாவது காரணம் இருக்கும். எனக்குத்தான் அது தெரியவில்லை. ஆகவே தபால்.

விஷயம் இதுதான். சலவைக் கடைக்காக நாம் வாங்கிய கடனைச் சிறு தவணைகளாகக் கட்ட வங்கி சம்மதித்திருக்கிறது. ஆனால் வீட்டு வரவு செலவை உள்ளபடி எழுதிக் கொடுக்கவேண்டும். அதில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் தவணை. மார்ச் முடிவதற்குள் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் வழக்கு. உன் சம்பளத்திலும் கைவைப்பார்கள்.

எழுத உதவுவதற்கென்று ஒரு கடன் ஆலோசனை மையம் இருக்கிறது. அங்கே ஓர் அம்மா, காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார். மனதுக்குள் நான் வைத்த பெயர் பென்சிலம்மா. என் முதல் வரவு செலவைப் பெருமையோடு நீட்டினேன். துறவிகள் படித்தால் கூச்சப்படுவார்கள், அவ்வளவு சிக்கனம்.

"சார், மாசம் பூரா சாப்பாட்டுக்கு இவ்வளவுதானா? நீங்க என்ன குருவியா?"

"நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்."

"முடிவெட்ட ஒண்ணுமே போடலையே?"

"நானே வெட்டிக்கிறேன்."

"அது தெரியுது சார்."

இப்படி எழுதுகிறவர்கள்தான் மூன்றாம் மாதமே தவணையை விட்டுவிடுகிறார்களாம். "நல்லவரா எழுதாதீங்க. நீங்களா எழுதுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடன்பட்டவனை இன்னும் கொஞ்சம் செலவு செய்யச் சொல்லும் அலுவலகம் உலகத்தில் இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல வேறு ஆளும் இல்லை.

திருத்தி எழுதிய இரண்டாவது தாள் இத்துடன். உன் தாளை நேராக மையத்துக்கே அனுப்பிவிடலாம்.

சட்டப்படி இன்னும் உன்,
முதல் கடன்தாரர்


பிப்ரவரி 12

முதல் கடன்தாரர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். பெண்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கேட்டால் வார்டனுக்கு என்ன வேலை?

உங்கள் தாளைச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்துபோன பிறகு படித்தேன். நூறு பேர் சாப்பிட்ட அறையில் தனியாக உட்கார்ந்து படித்தால் எந்தக் கணக்கும் சோகமாகத்தான் இருக்கும், அதை விடுங்கள். தப்பாகவும் இருக்கிறது.

நாளைக்கு ஒரு டீ என்று போட்டிருக்கிறீர்கள். அது எந்த டீ? கண் திறக்கக் குடிப்பதா, திறந்த கண் மூடாமலிருக்கக் குடிப்பதா, மழை வந்தால் குடிப்பதா, மழை வராத ஏமாற்றத்தில் குடிப்பதா? செருப்புக்கு ஒன்றுமே இல்லை. கடையை மூடிவிட்டு மறுபடி லிப்ட் வேலைக்குப் போகிறீர்கள். லிப்ட் பழுதுபார்க்கிறவர் லிப்ட் ஓடாத கட்டடங்களுக்குத்தான் போவார். ஏழு மாடி ஏறினால் செருப்பு தேயாதா?

மருந்து என்று ஒரு தொகை இருக்கிறது. நீங்கள் ஜுரத்துக்கே மாத்திரை போடாதவர். என்ன உடம்புக்கு? ஒளிக்காமல் எழுதவும்.

கடைசியாக, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இன்னொருவர் யார்? யாராவது வந்திருந்தால் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்வது நல்லது, அவ்வளவுதான்.

என் தாளை மையத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு அறையும் சாப்பாடும் விடுதியிலேயே. ஆகவே சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குத் தர முடியும்.

இப்படிக்கு,
இரண்டாம் கடன்தாரர்


பிப்ரவரி 20

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கு,

பயப்படாதே, வேறு யாரும் வரவில்லை. இரண்டு என்பது நீதான். இருபது வருடமாக எந்தத் தாளைக் கொடுத்தாலும் அந்தக் கட்டத்தில் இரண்டு என்றே எழுதிப் பழகிய கை.

மருந்தும் உன்னுடையதே. நம் தெரு மருந்துக்கடைக்காரர் உன் இன்ஹேலரை மாதாமாதம் வரவழைத்து வைக்கிறார். "அம்மா வெளியூர் போயிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் வாங்காமல் எப்படி வருவது? அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. நீ வந்தால் மூச்சுத்திணறல் மருந்துக்குப் பஞ்சமில்லை.

பென்சிலம்மா வாடகையில் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தருக்கு எதுக்கு சார் ரெண்டு ரூம்?"

"அவ வந்தா?"

"எப்ப வர்றாங்க?"

லிப்ட் எப்ப சரியாகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வதைத்தான் சொன்னேன். "பார்த்துக்கிட்டிருக்கோம்." அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து வாடகைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். பெரிதாகப் போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பிறகு உன் தாளை எடுத்தார். "மேடம் பல்லுக்குன்னு ஒரு தொகை போட்டிருக்காங்க. பக்கத்துல 'அவருடையது, மேல் வரிசை, இடது கடைவாய்' னு இருக்கு. இவங்க சம்பளத்துல உங்க பல்லு எப்படி சார் வந்துச்சு?" உன் மருந்து என் தாளில், என் பல் உன் தாளில். "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கறதா சொன்னீங்க?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார்.

நான் யோசித்தேன். கணக்குக்காகத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ இங்கே வந்துவிட்டால் ஒரே தாள், ஒரே குடும்பம். விடுதி வேலை போகுமே என்பாய். இங்கே நம் தெருப் பள்ளிக்கூட அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகிறது. சொல்லிவைத்திருக்கிறேன், கிடைத்த மாதிரிதான். அந்தச் சம்பளத்தை வரவில் சேர்த்து ஒரு புதுத் தாள் போட்டேன். அழகாக மிஞ்சுகிறது. பார்.

உன்,
(அப்படியே இருக்கட்டும்)


மார்ச் 1

உங்களுக்கு,

பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். அலுவலகத்தில் எந்த இடமும் காலியில்லையாம். வாட்ச்மேன் வேலை இருக்கிறது, ஆனால் ஆறடி உயரம் வேண்டுமாம்.

காரணம் தெரியவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன். இருபது வருடமும் அப்படியே போயிற்று.

சலவைக் கடை திறந்த பிறகு தினமும் வேலைக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போவேன், சுற்று வழி என்றாலும். மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். மூன்றும் ஓடினால் எனக்குத் தலைகால் புரியாது. சாயங்காலம் "எப்படிப் போகுது?" என்று கேட்பேன். "நிக்க நேரமில்ல" என்பீர்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாவது தடவை வங்கியில் கையெழுத்துப் போட்டேன்.

ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். நீங்கள் பின்பக்கம் இருந்தீர்கள். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் நம் நீலப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டிலும் வெறும் தண்ணீர். மறுநாள் போனேன், அதே போர்வை. அந்த வாரம் முழுக்க அதே போர்வை. நான் அந்தப் பக்கம் வரும் நேரத்துக்கு ஓட விட்டிருக்கிறீர்கள். துவைத்துத் துவைத்தே அது கிழிந்தது. "துணி தரமில்ல" என்று என்னிடம் சொன்னீர்கள்.

நான் அன்றே கேட்டிருக்கலாம். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. வங்கியிலிருந்து முதல் நோட்டீஸ் வந்தபோது "ஒண்ணுமில்ல, விளம்பரம்" என்று மடித்து வைத்தீர்கள். அன்றைக்குத்தான் இந்த விடுதி வேலைக்கு எழுதிப் போட்டேன்.

நஷ்டம் வந்ததற்காக நான் போகவில்லை. நஷ்டத்தில்கூட என்னைச் சேர்த்துக்கொள்ளாத வீட்டில் இருக்க முடியவில்லை. நீங்கள் என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாக இருந்தேன். இங்கே ஆள் இல்லாமல் தனியாக இருக்கிறேன். இது புரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஹேலர் இனி வாங்கவேண்டாம். இங்கே வந்த பிறகு ஒருமுறைகூட மூச்சுத் திணறவில்லை. உங்களைச் சொல்லவில்லை. சோப்புத்தூளைச் சொல்கிறேன்.

அந்தப் புதுத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். வெறும் தண்ணீர் சுற்றாத ஒரு தாள் அனுப்பினால் போடுகிறேன். மாதக் கடைசிக்கு நாள் அதிகமில்லை.

இரண்டாம் கடன்தாரர்


மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

போர்வை விஷயம் உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை மூன்று தடவை வேடிக்கையாக ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை அப்படியே எழுதுகிறேன்.

நம் கடனில் ஒரு பகுதி அந்தப் போர்வையைத் துவைத்த கரண்ட் பில். நீ தெரு முனையில் வரும்போது உன் நடை வேகமாகும். அந்த நடைக்காகத்தான் சுவிட்சைப் போட்டேன். ஒருநாள் போட்டால் மறுநாள் போடாமல் இருக்க முடியவில்லை. இது சமாதானம் இல்லை. கணக்குக் கேட்டாய், சொன்னேன்.

புதுத் தாள் இத்துடன். நம் வீட்டைக் காலி செய்துவிட்டேன். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, பாதி வாடகை. உன் தையல் மெஷினையும் இரண்டு பெட்டிகளையும் எங்கே அனுப்பவேண்டும் என்று எழுது. அதுவரை அவை கட்டிலில் இருக்கின்றன, நான் கீழே. இன்ஹேலர்களை மருந்துக்கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அம்மா எப்போது வருவார்கள் என்று மறுபடியும் கேட்டார். வரமாட்டாள் என்றேன். அவர் முகம்தான் வாடியது. நான் இனி வரவழைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டீ ஐந்து. மழை வந்தால் ஆறு. செருப்பு சேர்த்திருக்கிறேன். முடிவெட்டவும். போன் செலவு குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதே, அது நிஜமான எண்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடனும் பேசுவதில்லை.

பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடக்கூடாது என்று பென்சிலம்மா பிடிவாதம். "ஏதாவது இருக்கும் சார், யோசிச்சுப் பாருங்க." நெடுநேரம் யோசித்துத் தபால்தலை என்று எழுதினேன். அவர் படித்தார், கோடு போட்டு அடிக்கவில்லை.

எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். எழுதுவதற்குச் சின்ன எண்தான். கை வரவில்லை. அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பதுபோல் எதையோ செய்துகொண்டிருந்தார், நான் எழுதி முடிக்கும்வரை.

என் பல்லை உன் தாளிலிருந்து எடுத்துவிடச் சொல். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

முதல் கடன்தாரர்


மார்ச் 25

உங்களுக்கு,

கையெழுத்துப் போட்டு, உங்கள் தாளை இன்றே மையத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் சொல்கிறபடி நான்கு வருடம் கட்டவேண்டியிருக்கும். கட்டிவிடுவோம்.

தாளை வரி வரியாகப் பார்த்தேன். எதையும் திருத்தத் தோன்றவில்லை. ஒன்று என்று எழுதியிருந்த கட்டத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சரியான எண். உங்களிடமிருந்து சரியான எண் வரவேண்டும் என்று எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். வந்தால் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

தையல் மெஷினை விற்றுவிடுங்கள், அதை வரவில் எழுதுங்கள். பெட்டிகளை விடுதி முகவரிக்கு அனுப்பினால் போதும். கட்டிலில் படுங்கள்.

பல் என் தாளிலேயே இருக்கட்டும். உங்கள் தாளில் இருந்தால் பல் கட்டிக்கொள்ளமாட்டீர்கள். கட்டிவிட்டேன், பிரமாதமாக இருக்கிறது என்று எழுதுவீர்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் பல் மருத்துவருக்கு நேராகப் பணம் அனுப்பிவிடுகிறேன். நீங்கள் போய் வாயைத் திறந்தால் மட்டும் போதும்.

என்னைப் பார்க்க வரவேண்டாம். பல் மருத்துவர் கொடுக்கும் ரசீதை மட்டும் தபாலில் அனுப்புங்கள். அதன் பின்பக்கத்தில், வலித்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள்.

வலித்திருந்தால், வலித்தது என்று.

இப்படிக்கு,
இரண்டாம் கடன்தாரர்