சகலை கிணற்றுத் தண்ணீர்

பிப்ரவரி 9, 2025

காலையில் மூன்றாம் தொட்டியில் கப்பி மீன் குஞ்சு போட்டிருந்தது. ஐந்நூறு இருக்கும். எட்டிப் பார்த்த என் பெண்டாட்டி பாண்டீஸ்வரி "அறுவது" என்றாள். எதையும் குறைத்துச் சொல்வதுதான் அவள் வீட்டு வழக்கம்.

பத்து மணிக்கு மச்சான் மகள் பவதாரிணி வந்தாள். மதுரையில் எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருஷம். மீன்குஞ்சுத் தீனிக்கு நான் வளர்க்கும் தண்ணித்தெள்ளு வேண்டுமாம். ஊசிமுனை அளவு உயிர், குதித்துக் குதித்து நீந்தும். வெத்தலைக் கொடிக்கால்களில் நோய்க்கு மயில்துத்தம் தெளிக்கிறார்கள் அல்லவா? அது வாய்க்காலில் இறங்கினால் எந்த அளவில் இந்தப் பூச்சி சாகும் என்று பார்ப்பதுதான் புராஜெக்ட்.

"மயில்துத்தம்னா செம்புச் சத்து மாமா. துளியூண்டு போதும், பூச்சி தாங்காது."

"எனக்கே பாடமா? மயில்துத்தத்துல குளிச்சு வளந்தவன் நான்" என்றேன். சிரித்தாள். மதுரை மாவட்டத்திலேயே இவ்வளவு ஆரோக்கியமான பூச்சி கிடையாது என்றாள். அவள் வாயால் சொன்னது "நல்லாருக்கு மாமா" என்பதுதான். அர்த்தம் ஒன்றுதானே.

சாயங்காலம் டீக்கடையில் மொக்கைச்சாமியிடம், காலேஜில் என்னை ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். எட்டாங்கிளாஸோடு நின்றவனுக்கு இது சும்மா கிடைக்குமா?

பிப்ரவரி 13

பொறுக்க முடியவில்லை. எழுதினால்தான் சோறு இறங்கும்.

பூச்சியை விட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் வேண்டுமாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கிறது, ஆகாது. பவதாரிணி மூன்று கிணற்றில் மீட்டர் விட்டுப் பார்த்தாள். என் கிணறு, அவர்கள் வீட்டுக் கிணறு, சோழவந்தானில் என் சகலை மலைச்சாமியின் வீட்டுக் கிணறு. அவன் கிணற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்!

"ஒங்க தண்ணியில உப்பு கொஞ்சம் ஜாஸ்தி மாமா" என்கிறாள். உப்பு! அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இந்த உடம்பு, இந்தக் குரல்.

அது வெறும் தண்ணீர்கூட இல்லையாம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். மருந்து ஏதும் கலக்காத சுத்தத் தண்ணீரில் இருபது பூச்சி விடுவார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து அதில் இருபதும் நீந்த வேண்டும், ரெண்டு செத்தால் மன்னிப்பு உண்டு. அதை வைத்துத்தான் மருந்து கலந்த மற்ற பீக்கர்களைக் கணக்குப் பார்ப்பார்கள். அதாவது மலைச்சாமி கிணறு உலகத்துக்கே அளவுகோல். மலைச்சாமி! கல்யாணத்தன்று வேட்டி கட்டத் தெரியாமல் என்னிடம் வந்து நின்றவன்.

பிப்ரவரி 19

முதல் சுற்று முடிந்தது. மலைச்சாமி தண்ணீரில் இருபதுக்கு இருபது.

போன் போட்டு வாழ்த்தினேன். பெருந்தன்மை வேண்டுமல்லவா. "பாப்பா கேட்டுச்சு, குடுத்தேன். அம்புட்டுத்தேண்ணே" என்றான். அதுதான் எரிகிறது. இரண்டு வார்த்தை பெருமை பேசியிருந்தால் நான் நாலு வார்த்தையில் அமுக்கியிருப்பேன். பேசாதவனை என்ன செய்வது?

பிப்ரவரி 20

பூச்சி என்னுடையது. அது தின்கிற பாசிப் பச்சைத் தண்ணீர் என் தொட்டியுடையது. பேர் மட்டும் அவனுக்கு.

பிப்ரவரி 22

இரண்டாம் சுற்று திங்கட்கிழமை. மலைச்சாமிக்கு வெத்தலை கிள்ளும் நாள், மதுரைக்குப் போக முடியாதாம். தண்ணீர்க் கேனை இன்று என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். பவதாரிணி நாளை மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீர் எடுக்க வரும்போது சேர்த்துக் கொண்டுபோவாள்.

வெள்ளைக் கேன். மேலே ஒட்டிய காகிதப் பட்டையில் அவள் கையெழுத்து: "மலைச்சாமி மாமா கிணறு".

கேன் கூடத்தில்தான் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் காலில் இடறுகிறது. உண்மையில் இடறவில்லை, நான்தான் அந்தப் பக்கமாகப் போய் வருகிறேன்.

பிப்ரவரி 23

ஒரு காரியம் செய்துவிட்டேன். கெட்ட எண்ணம் கிடையாது. சாமி சத்தியமாக இல்லை.

அவன் தண்ணீரைக் கொய்யா மரத்துக்கு ஊற்றினேன். என் கிணற்றில் நேற்றே ஒரு குடம் இறைத்து வைத்திருந்தேன் — சாதாரணக் குடத்திலா? பாண்டீஸ்வரி சீர் கொண்டுவந்த செப்புக்குடம். புளி போட்டு நானே தேய்த்தேன், கோயில் கலசம் தோற்றுப்போகும். "எங்க அம்மா குடுத்த குடத்த எதுக்கு இந்தத் தேய் தேய்க்கிறீக?" என்று கேட்டாள். "ராசாத் தண்ணிக்கு ராசாக் குடம்" என்றேன். ஒரு ராத்திரி, ஒரு பகல் முழுக்க அதில் ஊறவிட்டு, இன்று சாயங்காலம் கேனில் ஊற்றி மூடிவிட்டேன்.

இருபதும் நீந்தட்டும். அப்புறம் பவதாரிணியின் காலேஜ் மேடத்துக்கு முன்னாலேயே போய் நின்று, "அம்மா, இது மலைச்சாமி தண்ணி இல்ல, சோணை தண்ணி" என்று சொல்வேன். பட்டையைப் பவதாரிணியே கிழிப்பாள்.

பிப்ரவரி 26

பவதாரிணி போன் செய்தாள். குரல் சரியில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு மாமா. மருந்து போட்டதும் செத்துச்சு, போடாததும் செத்துச்சு. சுத்தத் தண்ணியில இருவதுல பதினேழு."

"கைய கிய்ய கழுவாம தொட்டியா?"

"இல்ல மாமா. தண்ணிதான்னு மேடம் சொல்றாங்க. வெத்தலைக்காரர் கிணறுல்ல, மயில்துத்தம் எறங்கியிருக்கும்ங்கிறாங்க."

அழுதுகொண்டே மிச்சத்தைச் சொன்னாள். மூன்று சுற்றும் ஒரே தண்ணீரில் நடக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு மாறினால் முதலிலிருந்து. மார்ச் 28 கடைசி நாள். நேரம் போதாது, அடுத்த வருஷம்தான். பாஸ் ஆனதும் சேரச் சொல்லி அவளுக்கு ஒரு வேலையும் வந்திருக்கிறது. அது காத்திருக்காது.

அது என் தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? என் தண்ணீரா கொன்றது? அதில்தானே நாலாயிரம் மீன் பிழைக்கிறது!

நானூறு.

பிப்ரவரி 28

சோழவந்தானில் காதுகுத்து. பந்தியில் பேச்சு வந்தது. மலைச்சாமி கிணற்றிலிருந்து அந்தத் தெருவில் நாலு வீடு குடிதண்ணீர் எடுக்கிறது. கொஞ்சம் பேசிவிட்டேன். "காலேஜ்ல சோதிச்சாச்சு. அந்தத் தண்ணியில விட்ட உசுரு அஞ்சு நிமிசத்துல மல்லாந்துருச்சு." நாற்பத்தெட்டு மணி நேரம் என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

எல்லோரும் கேட்டார்கள். கை கழுவக்கூட எழுந்திருக்காமல் கேட்டார்கள். இனித்தது. பாயசத்தை விட இனித்தது, மறைக்க மாட்டேன்.

மார்ச் 2

கொழுந்தியாள் போன் செய்து பாண்டீஸ்வரியிடம் அழுதாளாம். நாலு வீட்டுக்காரர்களும் குடம் எடுத்து வருவதில்லை. மலைச்சாமி வீட்டிலேயே கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். கொடிக்காலுக்குத் துத்தம் அடித்தே கிணற்றைக் கெடுத்துவிட்டேனா என்று அவன் இரண்டு நாளாகக் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறானாம்.

"தலைமுறையா குடிச்ச தண்ணிய ஒரு பந்தியில கெடுத்துட்டாங்களே, எந்த வாயோ" என்றாள் பாண்டீஸ்வரி. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

மார்ச் 3

என் தண்ணீர் கொல்லுமா கொல்லாதா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் கிணற்றிலிருந்து வாளியில் நேராக மொண்ட தண்ணீர். இன்னொன்றில் செப்புக்குடத்தில் மிச்சம் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து பூச்சி. பவதாரிணி செய்வது போலவே சொட்டுக் குழாயில், குமிழி படாமல் விட்டேன். தொப்பியும் வெள்ளைக் கோட்டும்தான் இல்லை.

மார்ச் 4

வாளித் தண்ணீரில் ஐந்தும் நீந்துகின்றன. குடத்துத் தண்ணீரில் ஐந்தும் அடியில் கிடக்கின்றன. தம்ளரைச் சுற்றிவிட்டுப் பதினைந்து வரை எண்ணினேன். அசையவில்லை. இன்னொரு பதினைந்து எண்ணினேன்.

செம்புச் சத்து, துளி போதும் என்று அந்தப் பிள்ளை முதல் நாளே சொன்னாளே. புளி போட்டுத் தேய்த்து, ஊறவைத்து — மனுஷனுக்கு நல்லது என்று நாம் குடிக்கிற செப்புத் தண்ணி. அதன் உயிர் எம்புட்டு, என் உடம்பு எம்புட்டு. அடப்பாவி. அடேய் சோணை.

மலைச்சாமி கிணற்றில் ஒன்றும் இல்லை. என் கிணற்றிலும் இல்லை. குடத்தில் இருந்தது. என் புத்தியில் இருந்தது.

மார்ச் 5

சொன்னால் அவன் கிணறு இன்னும் ஒரு படி மேலே ஏறிவிடும். இந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முதலில் தோன்றுகிறது. என்ன பிறவி நான்?

மார்ச் 6

காலேஜுக்குப் போனேன். மேடமும் பவதாரிணியும் இருந்தார்கள். பூனை கேனைத் தட்டிவிட்டது என்று ஆரம்பித்தேன். பாதியில் பவதாரிணி என் முகத்தைப் பார்த்தாள். பூனையை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு நோட்டைத் திறந்தாள்.

"சொல்லுங்க. எத்தன மணிக்குக் குடத்துல ஊத்துனீங்க? எத்தன மணிக்குக் கேனுக்கு மாத்துனீங்க? கைச்சரக்கு ஒண்ணும் சேக்காதீங்க மாமா. ஒரு மணி நேரம் கூடக் கொறச்சுச் சொன்னாலும் இது செல்லாது."

வியர்த்துவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு. ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை. இருபத்து மூன்றரை மணி நேரம். புளி எவ்வளவு? ஒரு எலுமிச்சை அளவு. நான் சோதித்த தம்ளர் எத்தனை? இரண்டு. பூச்சி? பத்து. அடியில் கையெழுத்துப் போட்டேன். கேனில் மிச்சமிருந்த தண்ணீரில் செம்பு இருக்கிறதா என்று மேடம் பார்த்தார். இருந்தது. காரணம் எழுத்தில் இருப்பதால் அந்தச் சுற்றை விலக்கிவிடலாம், அதே மலைச்சாமி தண்ணீரில் இன்னும் இரண்டு சுற்று நடத்தலாம் என்றார்.

கிளம்பும்போது, "ஏன் மாமா?" என்றாள் பவதாரிணி.

"ஏந்தண்ணிய வேணாம்னுட்டியே" என்றேன். ஐம்பத்தாறு வயசுக்காரன் சொல்கிற பதிலா அது?

மார்ச் 8

சோழவந்தான் போய் மலைச்சாமியிடமும் சொன்னேன். கிணற்றுச் சுவரில் கை வைத்து நின்று கேட்டான்.

"கெணத்துல ஒண்ணுமில்லைல?"

"இல்ல."

"அது போதும்ணே. ஒரு வார்த்த கேட்டிருந்தா, ரெண்டு தண்ணியவும் வச்சுப் பாரு பாப்பான்னு நானே சொல்லியிருப்பேனே."

மன்னித்துவிட்டான். இதிலும் அவனே ஜெயித்தான். அடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

பிறகு தெருவில் நாலு வீட்டையும் கூப்பிட்டுச் சொன்னேன், உள்ளதை உள்ளபடி. அடுத்த வீட்டு முனியாயி இடுப்பில் கை வைத்தாள். "எண்ணே, அன்னைக்கு அஞ்சு நிமிசத்துல மல்லாந்துச்சுன்னீக. இன்னைக்குக் கொடங்கிறீக, புளிங்கிறீக. சகலையக் காப்பாத்த அளக்குறீகளா? எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்குண்ணே."

பொய்யை ஒரே வாயில் நம்பியவர்கள் இவர்கள்!

மார்ச் 10

வாயை நம்பமாட்டார்கள். சரி. விடியற்காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு சோழவந்தான் போனேன். அவன் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, தெரு பார்க்க ஒரு செம்பு — இல்லை, ஒரு எவர்சில்வர் சொம்பு — குடித்தேன். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பாண்டீஸ்வரி அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கினாள்.

தண்ணீர் ருசி. என் தண்ணீரை விட ருசி. இதை இங்கே தவிர வேறெங்கும் சொல்லமாட்டேன்.

மார்ச் 13

போனேன். குடித்தேன். முனியாயி வாசலில் நின்று பார்த்தாள். "இன்னும் உசுரோடதேன் இருக்கீகளா?" என்றாள்.

மார்ச் 14

இரண்டாம் சுற்று, சுத்தத் தண்ணீரில் இருபதுக்குப் பத்தொன்பது. பவதாரிணி எனக்குச் செய்தி அனுப்பவில்லை, மலைச்சாமிக்குத்தான். அவன் எனக்குச் சொன்னான்.

மார்ச் 16

போனேன். குடித்தேன். மழைத் தூறல்.

மார்ச் 21

மூன்றாம் சுற்று, இருபதுக்கு இருபது. பவதாரிணியே போன் செய்தாள். "ஒங்க பூச்சியும் நல்லாருந்துச்சு மாமா" என்றாள். நல்லாருந்துச்சு என்றுதான் சொன்னாள். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 28

புராஜெக்ட் கொடுத்தாகிவிட்டது. வேலையில் ஜூன் மாதம் சேர்கிறாள். டீக்கடையில் மொக்கைச்சாமி, "என்ன ஆலோசகரே" என்றான். டீயைக் குடித்தேன்.

ஏப்ரல் 2

காலையில் சோழவந்தான் போனேன். கிணற்றடியில் எனக்கு முன்னால் மூன்று குடம் இருந்தது. வரிசையில் நின்றேன்.