மண்ணெண்ணெயில் ஊறிய பிரேக் ரப்பர்

12-8-1971, வியாழன்

பெண்ணாடத்து முதலாளியின் பழைய அமெரிக்கப் பந்தயக் காருக்கு அசல் பிரேக் ரப்பர்கள் ஆர்டர் கொடுத்து ஆறு மாதம் கழித்துக் கப்பலில் வந்தன. அப்பாவின் மெக்கானிக் ஷெட்டில், கழுவ வேண்டிய இரும்புச் சாமான்களோடு அவற்றையும் நான் பீங்கான் ஜாடியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டுவிட்டேன். மாலைக்குள் உப்பிப்போயின, ஒன்றுகூடப் பிரேக் சிலிண்டருக்குள் நுழையவில்லை.

அப்பா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஜாடியையும் என்னையும் பார்த்தார்.

முதலாளி வந்தார். "எவன்யா ரப்பரை மண்ணெண்ணெயில போட்டது?"

"நாந்தாங்க" என்றார் அப்பா.

"இருவது வருச மெக்கானிக்கு. தயிர் வடை மாதிரி ஊற வச்சிருக்கியேய்யா."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. காரை லாரியில் ஏற்றி மதராசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாப்பிடும்போது அப்பா, "நாளையிலேர்ந்து ஷெட்டுக்கு வராதம்மா, வூட்டுலயே இரு" என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு எனக்கு இருந்தது அந்த ஷெட்தான். "சரிப்பா" என்றேன். அந்த வார்த்தை மட்டும் உடனே வாயில் வந்தது.