தொப்பியில் ஒரு பாம்பு

ஜூன் 27, வெள்ளி

கோரிமேட்டிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். ஆஸ்பத்திரி கவுன்டரில் சீட்டுப் போட்டுப் போட்டுக் கை மரத்துவிட்டது. மகள் பூர்ணிமா லீவில் வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராணுவத்தில் டாக்டர், வீட்டில் கும்பகர்ணன்.

அவள் தொப்பி மேசைமேல் இருந்தது. அதில் கோலைச் சுற்றிய பித்தளைப் பாம்பு. ஜாதகத்தில் நாகதோஷம் என்று நான் புற்றுக்குப் பால் ஊற்றியே அலுத்துவிட்டேன்; இவள் பாம்பைத் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறாள்! வெள்ளிக்கிழமையாயிற்றே. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

எழுந்து பார்த்துக் கத்தினாள். "ஐயோ அம்மா, இது சாமியில்ல! மருத்துவப் படை சின்னம்!"

ஜூன் 28

கோபம் தணிந்து சொன்னாள்: "அது கடிக்கிற பாம்பு இல்லம்மா. சட்டைய உரிச்சிட்டுப் புதுசா வருதுல்ல, நோயில படுத்தவனும் அப்டி எழுந்து வரணும்னு வச்சிருக்காங்க. கீழ எழுதியிருக்கறதும் அதான். எல்லாரும் நோயில்லாம இருக்கணும்."

"அப்ப எம் முட்டி வலி ஏன் போவல?" என்றேன். சிரித்துவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

முதலியார்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் வாயே திறக்கவில்லை. அவன் அம்மா செல்வாம்பாள்தான் பேசினாள். "பொண்ணப் புடிச்சிருக்கு. வேலைய வுட்டுடணும். பாம்பு போட்ட தொப்பியோட எங்க வூட்டுக்கு மருமவ வேணாம்." ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் பண்ணிவிடலாமாம்.

தலையாட்டிவிட்டேன். இன்னும் எத்தனை வீட்டுக்குத்தான் கேசரி கிண்டுவது?

ஜூன் 30

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரிம்மா. ராணுவத்தோட ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுது. நீட்டிக்காம வுட்டுடறேன். உனக்கும் முடியல" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 1

விளக்கேற்றப் போனால் சாமி படங்களுக்கு நடுவில் அந்தச் சின்னம். தொப்பியிலிருந்து கழற்றி வைத்திருக்கிறாள்.

"என்னடி இது?"

"நீயே கும்புட்டுக்கோம்மா. எனக்கு இனிமே எதுக்கு?"

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. எம்மேல எரிஞ்சு வுழக் கூடாதா? எத்தினி பேர எழுப்பி நடக்க வச்சிருப்பா — நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்?

விளக்கை ஏற்றாமலே வந்துவிட்டேன்.

ஜூலை 2

தரகர் கோவிந்தசாமிக்குப் போன் செய்தேன். "அந்த எடம் வேணாங்க."

"தோஷ ஜாதகம்மா. இத வுட்டா அடுத்தது..."

"தெரியும்ங்க. வச்சிடறேன்."

பூர்ணிமா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஒப்பந்தத்தை நீட்டிக்க எழுதிக் கொடுக்கப் போகிறாள். அவளுக்கு ஜன்னலோர சீட்டு. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்னை எட்டிப் பார்த்து, "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடிச்சா?" என்று கேட்டாள்.

"பொண்ணு ராணுவத்துல டாக்டருங்க" என்றேன்.